கியோட்டோவுக்கு மூணு பேர் போகக் கூடாது

இல்ல கண்ணு, நீ எந்திரிக்க வேண்டாம். நடுவுலயே உக்காரு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்கதான். ஒரே ஊரு, ஒரே ரயிலு, ஒரே பயணம். ஆனா பக்கத்துல பக்கத்துல உக்காந்து பழக்கம் விட்டுப்போச்சு. நீ இருந்தா எங்களுக்குச் சௌகரியம். உன்ர டோக்கன் எத்தனை? அறுபத்தொண்ணா? எங்களுது அம்பத்தெட்டு. இப்ப நாப்பத்தஞ்சுதான் ஓடுது. ஜப்பான் விசாவுக்கு ஊருல இருக்கற ஜனமெல்லாம் இன்னைக்கே வந்துட்டாங்களாட்ட இருக்குது.

நீ எங்க போறே? ஒசாகாவா, வேலைக்கா? அட சாமி! ஒசாகால இருந்து கியோட்டோ ரயில்ல அரை மணி நேரந்தான் கண்ணு. எனக்கு அந்த ஊருல தெரியாத சந்து கிடையாது. போனதில்ல. ஆனாத் தெரியும். ஸ்டேஷன்ல எறங்கி எந்தப் பக்கம் திரும்பினா பஸ்ஸு, எந்தக் கோயில் எத்தனை மணிக்குச் சாத்துவாங்க, எல்லாம் நோட்டுல இருக்குது. அஞ்சு மணிக்கே சாத்திடறாங்களாம் பாரு. சாயங்கால பூஜையெல்லாம் அவங்களுக்குக் கிடையாதாட்ட இருக்குது.

அந்தப் பக்கம் பச்சைச் சேலை கட்டிட்டு, மடியில ஃபைலை வெச்சுட்டு, செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறா பாரு. திரும்பாத, திரும்பாத, அவளுக்குத் தெரிஞ்சுரும். அது மரகதம். என்ர கொழுந்தனார் சம்சாரம். ஒரே ஊட்டுக்கு மருமகளா வந்தவங்க நாங்க. பதினோரு வருஷமாப் பேசறதில்ல.

ஆமா, பேசாமத்தான் ஜப்பானுக்குப் போறோம். அதுல என்ன இப்ப? பிளானெல்லாம் வாட்ஸப் குரூப்புலயே போட்டாச்சு. நான் ஒண்ணு போடுவேன், அவ ஒண்ணு போடுவா, நடுவுல ஜோதிமணி 'ஓகே'ம்பா. ஜோதிமணி எங்க காலனிக்காரி, நல்ல மாதிரி. இங்க என்னடான்னா வாசல்லயே போனை அமத்தி வெக்கச் சொல்லிட்டாங்க. இப்ப அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னா எனக்கு வழியில்ல. அதுக்குத்தான் உன்னை எந்திரிக்க வேண்டாம்னேன்.

ஒரே ஒரு சிக்கல். மரகதம் இன்னும் பாரத்துல கையெழுத்துப் போடலை. டிராவல்ஸ்காரர் தெளிவாச் சொல்லிட்டாரு, ரெண்டு பேருக்கும் ஒரே பயணத் திட்டம், ரெண்டு பாரமும் சேத்துத்தான் கொடுக்கோணும்னு. இன்னைக்கு விட்டா மறுபடி முதல்ல இருந்து எழுதி, நாள் வாங்கி, அதுக்குள்ள அங்க இலை சிவக்கற பருவம் முடிஞ்சுரும். இவ குரூப்புல என்ன போட்டா தெரியுமா? 'கூப்பிட வேண்டியவங்க அவங்க வாயால வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டா, அப்பப் போடறேன் கையெழுத்து.' கூப்பிட வேண்டியவங்கன்னா நானு. பேரைச் சொன்னா வாய் வெந்துருமாக்கும்.

நான் எதுக்குக் கேக்கோணும்? நான் மூத்தவ. முறைப்படி தட்டம் வெச்சு அழைச்சும் ஆச்சு. அதைப் பொறவு சொல்றேன்.

முதல்ல நாங்க ஆறு பேரு. காத்தால யோகா கிளாஸ்ல ஒண்ணாப் படுத்து எந்திரிக்கறவங்க. ஒரு நாள் சவாசனத்துல படுத்திருக்கும்போது நாந்தான் சொன்னேன், 'நாம ஏன் கியோட்டோ போகக் கூடாது'ன்னு. அஞ்சு பேரும் கண்ணைத் தொறக்காமயே சரின்னாங்க. அன்னைக்கே நான் நோட்டுப் போட்டுட்டேன். எட்டு நாளு, பதினேழு கோயிலு, ஒரு மூங்கில் காடு, ஒரு அரண்மனை. காத்தால நாலரைக்கு எந்திரிக்கறது. தண்ணி பாட்டிலுக்கு ஒருத்தி, மாத்திரை மருந்துக்கு ஒருத்தி, பருப்புப் பொடி, புளிக்காச்சலுக்கு ஒருத்தி. தலைவி நானு. நானாக் கேக்கலை. ஆனா யாரும் வேண்டாம்னும் சொல்லலை.

அப்பறம் ஒத்திகை. சிரிக்காத, கல்யாணத்துக்கு ஒத்திகை பாக்கறதில்லையா? அங்க பஸ்ஸு, ரயில்ல எல்லாம் சத்தமாப் பேசக் கூடாதாம். எங்க ஆறு பேருக்கும் அதுதான் பெரிய வெசனம். அதனால காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறி உக்கடம் வரைக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நான் ரூல் போட்டேன். கண்டக்டர் வந்து 'எங்கீங்க போகோணும்'ங்கறாரு. ஆறு பேரும் கையக் காட்டறோம். மறுபடி கேக்கறாரு. மறுபடி கையக் காட்டறோம். அவரு மூஞ்சி அப்படியே எளகிப்போச்சு கண்ணு! முன்னால இருந்த ஆம்பளைங்களை எழுப்பி விட்டு எங்களை உக்கார வெச்சு, எறங்கற எடத்துல கையப் புடிச்சு எறக்கி விட்டாரு. எறங்குன ஒடனே நான் 'ரொம்ப நன்றிங்க'ன்னுட்டேன். அந்த மனுசன் பாத்த பார்வை இருக்குதே, இன்னும் அந்த நம்பர் பஸ்ஸுல நான் ஏறறதில்ல.

இன்னொண்ணு, டீ. அங்க டீ குடிக்கறதே ஒரு சடங்கு. மண்டி போட்டு உக்காந்து, பச்சைத் தூளை வெந்நீர்ல அடிச்சு, ரெண்டு கையில கிண்ணத்தை ஏந்திக் குடிக்கோணும். பாலும் கிடையாது, சக்கரையும் கிடையாது. அந்தத் தூளுக்கு நான் எங்க போக? முருங்கைக்கீரைப் பொடியை வெந்நீர்ல போட்டு, தயிர் மத்துல கடைஞ்சு, அரை மணி நேரம் எல்லாரையும் மண்டி போட வெச்சுக் கொடுத்தேன். ஜோதிமணியைத் தூக்கி நிறுத்த ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. மறு நாள் ஒருத்தி குரூப்ப விட்டு வெலகிட்டா. வயித்துக்கு ஆகலையாம். டீயால இருக்காது. அடுத்த வாரம் இன்னொருத்தி மருமக பிரசவத்தைச் சொல்லி வெலகிட்டா. தை மாசத்துலதான் வருதுன்னு சொல்லிட்டிருந்தவ, திடீர்னு முன்னால வந்தாலும் வரும்ங்கறா. மூணாவது ஒருத்தி காரணமே சொல்லலை. பாவம், ஊட்டுல என்ன பிரச்சனையோ.

கியோட்டோதான் வேணும்னு ஏன் ஒத்தைக் கால்ல நிக்கறேன்னு கேக்கறயா? அது ஒரு காலண்டர் கண்ணு. எங்க மாமனார் மில்லுகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் போட்டுட்டிருந்தாரு. ஒரு வருஷம் ஜப்பான் மெஷின் கம்பெனில இருந்து பெரிய காலண்டர் ஒண்ணு வந்துச்சு. சமையக்கட்டுல மேக்குச் செவுத்துல மாட்டிட்டாங்க. நவம்பர் மாசத்துப் படம், குளத்து நடுவுல தங்கத் தகடு போத்துன மண்டபம், சுத்தியும் செவச் செவன்னு மரம். அப்ப நான் வந்து மூணு வருஷம், மரகதம் வந்து மூணே மாசம். ரெண்டு பேரும் கிரைண்டர்ல மாவு தள்ளிட்டே அதைப் பாத்துட்டு நிப்போம்...

என்னவாம்? கிழக்குச் செவுரா? கேட்டியா கண்ணு, வாயே தொறக்காதவ செவுருன்ன ஒடனே தொறக்கறா. கிழக்குல சன்னல் இருந்துச்சுன்னு சொல்லு அவகிட்ட. சரி, கிழக்கோ மேக்கோ. அந்த மாசத்தை நாங்க கிழிக்கவே இல்ல. டிசம்பர் வந்துச்சு, பொங்கல் வந்துச்சு, எங்க சமையக்கட்டுல நவம்பர்தான். 'காலண்டர்னா மாசம் மாற வேண்டாமா, இது என்ன சாமி படமா'ன்னு மாமியா சத்தம் போட்டாங்க. அப்ப நாந்தான் சொன்னேன், 'ஒரு நாளைக்கு நாம ரெண்டு பேரும் இங்க போலாம்'னு.

பாரு, தலைய ஆட்டறா. அவதான் சொன்னாளாம்! மூணு மாசத்து மருமகளுக்கு அத்தனை வாய் ஏது? நீயே சொல்லு.

நல்லாத்தான் இருந்தோம் கண்ணு. அவ பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரில கெடந்தேன், என்ர ஆப்பரேஷனுக்கு அவ கெடந்தா. தனித் தனி ஊடு ஆன பொறவும் எங்க ஊட்டு ரசம் அங்க போகும், அங்கத்த பொரியல் இங்க வரும். எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகைல போச்சு. அவ பொண்ணு கல்யாணம். புருசனும் பொஞ்சாதியும் தட்டம் எடுத்துட்டுப் பத்திரிகை வெக்க வந்திருக்கறாங்க. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். ஊடு பூட்டியிருந்துச்சு. என்ன செஞ்சாங்க தெரியுமா? பத்திரிகைய சன்னல் கம்பில சொருகிட்டு, பூவையும் பழத்தையும் பக்கத்து ஊட்டுல கொடுத்துட்டுப் போயிட்டாங்க! ஊட்டுக்கு மூத்த மருமக நானு. மறுபடி ஒரு நடை வந்து, கையில கொடுத்து, 'வாங்க அக்கா'ன்னு சொல்லோணுமா இல்லையா? போன் பண்ணினா. போன்ல சொல்றது ஒரு அழைப்பா?

என்ன முணுமுணுக்கறா? முக்கா மணி நேரம் வாசல்ல நின்னாளாம். நின்னா? நிக்கட்டும். அதை நான் பாத்தனா?

கல்யாணத்தன்னைக்கு அரக்குப் பட்டுக் கட்டி, பூ வெச்சு, நகை போட்டு ரெடியா உக்காந்திருந்தேன் கண்ணு. ஒருத்தராவது வந்து கூப்பிடுவாங்கன்னு. என்ர ஊட்டுக்காரரு, 'எனக்குப் பத்திரிகைல பேர் இருக்குது, பசிக்குது வேற'ன்னு கெளம்பிட்டாரு. முகூர்த்தம் தாண்டி மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். வந்து தாம்பூலப் பையை மடியில போட்டாரு. பேச்சுக்கு அன்னைக்குப் போட்ட தாப்பாதான்.

நான் அப்படி இல்ல. நான் முறை தெரிஞ்சவ. மரகதத்தை இந்தப் பயணத்துக்குக் கூப்பிடலாம்னு முடிவான ஒடனே, பதினேழு கோயில் பேரையும் பத்திரிகையாட்டவே அச்சடிச்சேன். மேல புள்ளையார் சுழி, கீழ 'தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கும்'னு என்ர பேரு. நாலு மூலைலயும் மஞ்சள் தடவி, தட்டத்துல வெத்தலை பாக்கு, பழம், ரோசாப்பூ எல்லாம் வெச்சு, ஆட்டோ புடிச்சு அவ ஊட்டுக்குப் போனேன். போனா ஊடு பூட்டியிருக்குது! ரெண்டு நிமிஷம் நின்னேன். சரியான வெயிலு. பூ வாடுது, ஆட்டோக்காரர் வேற அவசரப்படுத்தறாரு. என்ன பண்றது? பத்திரிகைய கேட்டுல சொருகிட்டு, தட்டத்தை எதிர் ஊட்டுல கொடுத்துட்டு வந்துட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறே? அது வேற, இது வேற கண்ணு. அது கல்யாணம். இது டூர்.

அவளா? மறு நாள் குரூப்புல பாஸ்போர்ட்டப் படம் புடிச்சுப் போட்டா, அவ்வளவுதான். அந்தப் பாஸ்போர்ட்டு எப்ப எடுத்தான்னு எனக்கு ஆச்சரியம். எங்கயும் போனவ இல்ல. உள்ள ஒரு முத்திரை கிடையாது. எடுத்து அஞ்சு வருஷம் ஆகுது, சும்மாவே வெச்சிருக்கறா.

பேசாதவளை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னுதான கேக்கறே? நல்லாக் கேட்டே போ. மூணு பேரு ஆயிட்டோம்ல! நானு, ஜோதிமணி, ரங்கநாயகி. மூணு பேராச் சேந்து ஒரு காரியத்துக்குக் கெளம்பக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்கக் கூட மூணு பேராப் போகமாட்டோம். அப்படியே போக வேண்டி வந்தா நாலாவதுக்கு ஒரு கல்லை எடுத்துக் கையில வெச்சுக்குவாங்க. ஜோதிமணி அதைத்தான் சொன்னா, 'அக்கா, ஒரு கூழாங்கல்லை பேக்ல போட்டுக்கலாம், போயிட்டு வந்துரலாம்'னு. ஏர்போட்டுல பேக்கத் தொறந்து இது என்னன்னு கேட்டா என்ன சொல்றது, இவரு எங்க நாலாவது ஆளுங்கன்னா? விழுந்து விழுந்து சிரிச்சோம் கண்ணு. அப்பத்தான் நான் சொன்னேன், 'ஜப்பான் வரைக்கும் கல்லைச் சுமக்கறதுக்கு மரகதத்தைக் கூட்டிட்டுப் போயிரலாம், அவ தானாவாவது நடப்பா'ன்னு. ரங்கநாயகிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப்போச்சு. அப்பறம் பாரு, மரகதம் பாஸ்போர்ட்டப் போட்ட அன்னைக்கே ஜோதிமணிக்கும் ரங்கநாயகிக்கும் ஒரே நேரத்துல முட்டி வலி. ரெண்டு பேரும் வரலைன்னுட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே முட்டி, எடது. பாவம்.

ஆனா ரெண்டு பேரு போகலாம். ரெண்டுக்குத் தோசமில்ல.

என்ன கண்ணு? எதுக்கு என்ர கைய அமுத்தறே?

அய்யோ. கேட்டுட்டாளா? கல்லுன்னது கேட்டுருச்சா? நான் மெதுவாத்தான சொன்னேன்? எந்திரிச்சுட்டா. பையத் தூக்கிட்டா, ஃபைலையும் எடுத்துட்டா. கண்ணு, எங்க போறா பாரு, வாசப்பக்கமாவா? கண்ணாடி பைக்குள்ள எங்கயோ இருக்குது, தூரத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள்ள பூந்துட்டா. போச்சு. எல்லாம் போச்சு. இந்த வாயை வெச்சுட்டு உக்கடத்துலயே மாட்டிக்கிட்டேன், ஜப்பானுக்கு எங்க போறது!

இரு, நீ என்னமோ சொல்ல வர்றே, இரு, நான் சொல்லி முடிச்சர்றேன். அவளைக் கல்லுக்குப் பதிலாக் கூப்பிடலை கண்ணு. சத்தியமா இல்ல. சிரிப்பு வந்துச்சு, சொல்லிட்டேன். இந்த நோட்டைப் பாரு. ஆறு பேரு இருந்தப்பவே எழுதுன நோட்டு. மூணு ரூம்பு, ரூம்புக்கு ரெண்டு பேருன்னு எழுதியிருக்கறேன் பாரு. என்ர பேருக்குப் பக்கத்துல ஆள் பேரே எழுதலை. ஜோதிமணி கேட்டா, 'உங்க கூட யாரு, அக்கா'ன்னு. நான் நோட்டை மூடி வெச்சுட்டேன். ஒவ்வொருத்தியா வெலக வெலக எனக்கு வெசனமே வரலை. நெசமாச் சொல்றேன், உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. அது ஏன்னு இப்ப உன்கிட்டச் சொல்லும்போதுதான் எனக்கே தெரியுது.

தனியா அந்தத் தங்க மண்டபத்தைப் பாத்து நான் என்ன பண்றது? 'பாரு, படத்துல இருந்த மாதிரியே இருக்குது'ன்னு யார்கிட்டச் சொல்றது? அங்க இருக்கற ஜப்பான்காரங்களுக்கு எங்க சமையக்கட்டு தெரியுமா?

பொறவு ஏன் கேக்கலைன்னா, பயம் கண்ணு. வேற ஒண்ணுமில்ல. மூத்தவ, முறை, தட்டம்னு சொன்னதெல்லாம் சும்மா. வர்றியான்னு நேர்ல கேட்டு, அவ 'நீங்க என்ர பொண்ணு கல்யாணத்துக்கு வந்தீங்களா'ன்னு திருப்பிக் கேட்டா என்கிட்ட என்ன பதில் இருக்குது? அரக்குப் பட்டுக் கட்டிட்டு ஊட்டுல உக்காந்திருந்தேன்னு சொல்றதா? எட்டு வீதி தள்ளித்தான் கண்ணு அந்தக் கல்யாண மண்டபம். மேளச் சத்தம் எங்க ஊட்டுக்குக் கேட்டுச்சு.

நீ ஏன் மேல மேல கையக் காட்டிட்டே இருக்கறே? என்ன நம்பரு? நம்பரைத் தள்ளு. என்னைப் புடி, எந்திரிக்கறேன். அவ படி எறங்கறதுக்குள்ள...

மரகதம்! ஏ மரகதம்! நில்லு! மரகதம், கியோட்டோவுக்கு வர்றியா? என்ர கூட வர்றியா? கல்லுன்னது தப்பு. அன்னைக்கு வராமப் போனதும் தப்பு. ரெண்டு தப்பு. வர்றியா, மாட்டியா?

தெரியும்ங்க, சத்தம் போடக் கூடாதுன்னு தெரியும்ங்க செக்யூரிட்டி. எல்லாரும் பாக்கறாங்களா? பாக்கட்டும். என்ன கண்ணு? வாசல் இல்லையா? எங்க? கவுன்டர்லயா? மூணாவது கவுன்டர்ல பச்சைச் சேலையா? அம்பத்தெட்டு அப்பவே வந்துருச்சா? அட கெரகமே, இதைத்தான் சொல்லிட்டிருந்தியா நீ! என்ன பண்றா? பேனாவா? கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டாளா? நான் கேக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? முன்னாலயேவா!

இரு, என்னமோ சொல்றா. எனக்குக் காது அடைச்சுக்குது, நீ கேட்டுச் சொல்லு. என்னங்கறா?

'நான் வந்துட்டேன். நீங்கதான் இன்னும் வரலை, அக்கா'ங்கறாளா?

அக்கான்னாளா? நல்லாக் கேட்டியா? இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்க சாமி. வர்றேன் மரகதம். இரு, வந்துட்டேன்.